மீட்டர் இறக்கிய வண்டி

கல்லாங்காட்டுப்புதூர் தலைமையாசிரியர் தலையில் ஒரே ராத்திரியில் முடி வளர்ந்த கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், சிரிப்புக்கு யாரும் வரி போடவில்லை, ஆனால் அந்த முடிக்குப் பின்னால் ஒரு வண்டி இருந்தது, வண்டிக்குப் பின்னால் ஒரு பையனின் சாவு இருந்தது, அந்தச் சாவுக்கும் இந்த முடிக்கும் நடுவில் ஒரு பொம்பளை உயிரோடு உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், அதைச் சொல்லும்போது ஒருத்தரும் சிரிப்பதில்லை.

அவள் பெயர் வசந்தாமணி. அவள் புருஷன் அப்புக்குட்டி பழைய கார் புரோக்கர். அப்பன் காலத்தில் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய குடும்பம், இவன் காலத்தில் மாடு போய் கார் வந்தது, துண்டு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்துக் கார் சந்தையில் இன்றைக்கும் வாயால் விலை சொல்கிறவனைச் சின்னப் பையன் என்றுதான் நினைப்பார்கள். அதேபோல, ஓடின வண்டியை ஓடின அளவுக்கு உண்மையாய்ச் சொல்லி விற்கிற புரோக்கரும் இன்னும் பிறந்து வரவில்லை. வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழுவுவார்கள், இரண்டாவது வேலையாக மீட்டரை இறக்குவார்கள், ஓடின கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட வைப்பார்கள். அதற்கென்றே காஜா பாய் ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார், டீ குடித்து முடிப்பதற்குள் ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்த வண்டி டாக்டர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டியாக மாறிவிடும். இதை யாரும் பாவம் என்று நினைத்ததில்லை. அப்புக்குட்டியும் நினைத்ததில்லை.

அந்தக் கருப்பு வண்டி தெய்வசிகாமணிக் கவுண்டர் வீட்டு வண்டி. வசந்தாமணிக்கு அவர் அண்ணன் முறை, அதனால் அப்புக்குட்டிக்கு மச்சான். வண்டியை வாங்கியது அவருடைய ஒரே மகன் நவநீதன். ஆளுயரத்துக்கு நிற்கிற எஸ்யூவி, அதுவும் போதாதென்று கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் மாதக்கணக்கில் போட்டு எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்றி எழுதி, டர்போவைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கைத் தூக்கி, டிராக்டர் டயருக்குத் தங்கச்சி மாதிரி நாலு டயர் மாட்டி, சைலன்சரை அறுத்து வேறு வைத்து எடுத்து வந்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினால் போதும், பக்கத்துத் தோட்டத்தில் கோழி கூடையைவிட்டு வெளியே ஓடும். ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் மலை ரோட்டு வளைவில் வண்டியோடு உருண்டான். அவனை எரித்தபோது அவன் சட்டைப் பையில் இருந்த சாவியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அதுவும் அவனோடேயே எரிந்து போயிற்று.

நசுங்கிய வண்டியைப் பார்க்கப் பார்க்கத் தெய்வசிகாமணிக்கு மகனையே அப்படிப் போட்டு வைத்திருக்கிற மாதிரி இருந்தது. பட்டறைக்கு அனுப்பி மறுபடி பழையபடி ஆக்கிக் கொட்டகையில் நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடினார். இரண்டாவது சாவி சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை, வசந்தாமணியை நல்ல பாம்பு கொத்துகிற வரைக்கும்.

கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது கணுக்காலில் கொத்தியது. வீட்டுக்கு நடந்து வந்து சொல்கிறதுக்குள் கண்ணிமை இறங்கிவிட்டது, நாக்கு குழறியது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு வைக்கிற மெஷின் இல்லை, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள், அப்புக்குட்டியிடம் அன்றைக்கு விற்பனைக்கு நின்ற கார்களோ தள்ளினால்தான் கிளம்பும். அப்போது சாக்கை உருவி எறிந்துவிட்டு அந்தக் கருப்பு வண்டி வந்து வாசலில் நின்றது. மகன் செத்த சீட்டில் அப்பன் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூருக்கு அவர் ஓட்டிய ஓட்டத்தை அப்புக்குட்டி பின் சீட்டில் பெண்டாட்டி தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டே கடந்தான். டாக்டரம்மா அப்புறம் சொன்னார், வேறு எந்த வண்டியில் வந்திருந்தாலும் பிணத்தைத்தான் இறக்கியிருப்பீர்கள் என்று.

அதற்குப் பிறகு வண்டிக்கு ஊரில் நல்ல பேர் வந்துவிட்டது. கைராசி வண்டி என்றார்கள். தலைமையாசிரியர் பழனிக்கு மொட்டை போட அதில்தான் போனார். பரமசிவம் போர் போட நீரோட்டம் பார்க்கிறவரை அதில்தான் கூட்டி வந்தார், தண்ணீரும் வந்தது. ரைஸ்மில் வீட்டுப் பெண் கீர்த்தனாவைக் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான். தெய்வசிகாமணி யார் கேட்டாலும் ஓட்டிப் போனார், டீசல் காசு கூட வாங்கமாட்டார். அப்புறம் கண்ணில் புரை விழுந்து எதிரில் வருவது மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும், மாப்பிள்ளை, இதை நல்ல கையாப் பார்த்துக் குடுத்துருங் என்று அப்புக்குட்டியிடம் விட்டார்.

அப்புக்குட்டி பழக்க தோஷத்தில் காஜா பாய்க்குப் போன் போட்டான்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் கண்ணாடி பார்த்தபோது தலை நிறைய முடி, மொட்டை போடுவதற்கு முன்பு இருந்த அதே நரைத்த முடி, அதே பக்கத்து வகிடு. பரமசிவம் தோட்டத்தில் போர் இருந்த இடத்தில் குழாயும் இல்லை, குழியும் இல்லை, கள்ளிச்செடி நின்றது. திருப்பூரில் புருஷன் வீட்டில் படுத்துத் தூங்கிய கீர்த்தனா, கல்லாங்காட்டுப்புதூரில் அம்மா வீட்டுக் கட்டிலில் கண் விழித்தாள், கழுத்தில் தாலி இல்லை, கையில் மருதாணி ஈரமாக இருந்தது. நடந்தது எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நடந்ததுதான் இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதலில் டீக்கடையில் வைத்துத்தான் எடுத்துக்கொண்டது. பழனியில் முடி கொடுத்தது செல்லுமா செல்லாதா என்று ஒரு பேச்சு, முருகனுக்கு வந்து சேர்ந்தது திரும்பிப் போனால் அது முருகனுக்கு நஷ்டம்தானே என்று ஒரு பேச்சு, கடைசியில் தலைமையாசிரியர் எதுக்கு வம்பு என்று பஸ்ஸில் போய் மறுபடி மொட்டை போட்டு வந்தார். கீர்த்தனாவின் மாமியார் வீட்டார் இரண்டு காரில் வந்து இறங்கி, பெண்ணை அனுப்புங்கள், முகூர்த்தம் பார்த்து மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் உள்ளேயிருந்தே, ஒருக்கா பட்டது போதும், இந்தத் தடவை நான் வரலைங்க என்று சொல்லிவிட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, வக்கீலுக்கு அழ வேண்டியதில்லை, ஊரில் பாதிப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பரமசிவம் மட்டும் கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

இழந்தவர்கள், லாபம் அடைந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் எல்லோரும் அந்தக் கருப்பு வண்டியில் ஏறியவர்கள். காஜா பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். மீட்டரை இறக்க இறக்க வண்டி ஓடின ஓட்டமே இல்லாமல் போகிறது, அந்த ஓட்டத்தால் நடந்ததும் கூடவே போகிறது, அவ்வளவுதான் விஷயம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்றே கேட்டுப் பதில் வராத ஊர் அது.

"இன்னும் கொஞ்சம் இறக்கலாம்னுதான் பார்த்தேன் அப்புக்குட்டி," என்றார் காஜா பாய். "ஒரு இடத்துல வந்து மெஷின் திக்கி நின்னுருச்சு. நாளைக்கு வேற கேபிள் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல."

அப்புக்குட்டி விரல் விட்டு எண்ணினான். கீர்த்தனா கல்யாணம், அதற்கு முன்னால் போர், அதற்கு முன்னால் பழனி, அதற்கும் முன்னால் என்ன என்று அவனுக்குத் தெரியும். வசந்தாமணி அவன் மடியில் தலை வைத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டே போன அந்த ஓட்டம். வேறு கேபிள் கொண்டுவந்திருந்தால் இப்போது வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்காது. மீட்டரையே உடைத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டான். உடைச்சா பூஜ்யத்துல போய் நின்னுச்சுன்னா என்ன பண்ணுவே என்று காஜா பாய் திருப்பிக் கேட்டார்.

அதற்குள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் கூடி ஒரு கட்டுப்பாடு பண்ணிவிட்டது: யாராவது தனக்காக மீட்டரை இறக்கவேண்டும் என்று கேட்டால், அவருக்குப் பின்னால் அந்த வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும் சம்மதம் கேட்கவேண்டும், ஒருத்தர் தலையாட்டவில்லை என்றாலும் கூடாது. நியாயமான கட்டுப்பாடுதான். கூட்டத்தின் கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தெய்வசிகாமணியை அப்போது அப்புக்குட்டி பார்த்தான். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, அப்புக்குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகனின் கடைசி ஓட்டத்துக்குப் பிறகு, இறங்காமல் மிச்சம் நிற்கிறது வசந்தாமணியை ஏற்றிப் போன ஓட்டம் ஒன்றே ஒன்று என்று அவரும் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வசந்தாமணி கொடுத்த மோரைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, கேட்கக்கூடாததைத்தான் கேட்க வந்திருக்கறேன். வண்டி என்னுது, நான் பாட்டுக்கு எவனையாவது கூட்டியாந்து இறக்கியிருக்கலாம். நீங்க சரின்னு சொல்லாம அதைத் தொடமாட்டேன், அது வேற. ஆனா கேட்காம இருக்க முடியலைங்."

"சொல்லுங் மச்சான்."

"எல்லாத்தையும் தயாரா வெச்சுக்கலாமுங். டாக்டரைக் கூட்டியாந்து அந்தக் கடலைக்காட்டு வரப்பு மேலயே உக்கார வெச்சுக்கலாம். விஷ முறிவு மருந்து, மூச்சு மெஷினு, ஆம்புலன்ஸு, எத்தனை ஆனாலும் நான் பார்த்துக்கறேன். நம்ம வண்டியும் எஞ்சின் ஓடிட்டே நிக்கட்டும். நவநீதன் வந்ததும் அவனே ஓட்டட்டும். எங் கண்ணை நம்ப வேண்டாம், அவன் கையை நம்புங்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்புக்குட்டிக்கும் அது தெரிந்தது, தெரிந்ததாலேயே கோபம் வந்தது.

"மச்சான், உங்க பையன் போயாச்சு. எம் பொண்டாட்டி இருக்கறா," என்றான்.

இப்படி ஒரு வார்த்தையை மனுஷன் மனுஷனிடம் சொல்லலாமா. சொல்லிவிட்டான். தெய்வசிகாமணி தலையை ஆட்டினார், அது சரியென்று ஆட்டியது இல்லை, கேட்டுக்கொண்டேன் என்று ஆட்டியது. மோரைத் தரையில் வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"அப்படின்னா அந்த வண்டியை சீக்கிரமாத் தள்ளி விட்டுருங். எங் கண்ணு முன்னால நின்னா ஒரு நாளைக்கு எங் கை சும்மா இருக்காதுங்."

அவர் தலை மறைந்ததும் வசந்தாமணி உரித்த கடலைக்காயை முறத்தோடு தள்ளி வைத்தாள்.

"நீங்க எதுக்குங் வேண்டாம்னு சொன்னீங்க? கொத்துப்பட்டது என்னையா, உங்களையா?"

"டாக்டர் உறுதி சொல்லோணுமல்ல. மருந்து எல்லாருக்கும் ரெண்டாவது தடவையும் கேட்கும்னு இருக்குதா? ஏதாவது ஒண்ணுன்னா..."

"எனக்கு வேண்டி அந்தண்ணன் அந்தச் சீட்டுல உக்காந்தாரு. பெத்த பையன் செத்த சீட்டுல. நீங்களா இருந்தா உக்காந்திருப்பீங்களா?"

அவன் தரையில் இருந்த மோரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"பயமா இருக்குதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். எனக்கும்தான் பயமா இருக்குது. நியாயம் மட்டும் பேசாதீங்க."

அவன் பயமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவளை அத்தனை பிரியமாக வைத்திருந்தான், அதை மறைக்கவேண்டியதில்லை, பிரியத்தில் செய்த காரியம்தான், ஆனால் பிரியத்தில் செய்தது என்பதற்காக அது நல்ல காரியமாகிவிடுமா. ஊரும் இரண்டாகப் பிரிந்து நின்று இதைத்தான் பேசியது. கல்யாணமாகாத பையன், இனிமேல்தான் வாழவேண்டும், இவளுக்கோ இரண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று என்று ஒரு பக்கம், உயிரோடு இருக்கிறவளை வைத்துச் செத்தவனுக்குப் பேரம் பேசுவதா என்று இன்னொரு பக்கம். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல இரண்டு உயிரையும் பிடித்துப் பார்த்தார்கள். வசந்தாமணி தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது.

அப்புக்குட்டி வண்டியை விற்க அலைந்தான். சொந்தமாக வைத்து ஓட்டுகிற ஆளாகப் பார்த்து, கடைசிவரை விற்காத ஆளாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்றுதான் ஆசை. அப்படி ஒருத்தனும் வரவில்லை. இத்தனை மாற்றம் செய்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே கொண்டுபோக முடியாது என்று குடும்பக்காரர்கள் ஓடினார்கள், ரோட்டில் போனாலே காது அடைக்கிறது என்று கிழவர்கள் ஓடினார்கள். கடைசியில் வந்தது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நஞ்சுண்டன் என்கிற இன்னொரு புரோக்கர். சேற்றில் வண்டி ஓட்டிப் பந்தயம் கட்டுகிற பணக்காரப் பையன்கள் அவனுக்கு வாடிக்கை. எஞ்சினை உறுமவிட்டுக் கேட்டதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷம் அப்புக்குட்டிக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் துண்டை நீட்டினான். துண்டுக்கடியில் நஞ்சுண்டன் எந்த விரலைப் பிடித்தான் என்றுகூடக் கவனிக்காமல் சரி என்றான். அவன் தொழிலில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றான். "மீட்டரைத் தொடக்கூடாது."

ஏன் என்று முழுக்கதையும் சொன்னான். பாம்பு, கோயமுத்தூர், மொட்டை, தாலி, எல்லாம். நஞ்சுண்டன் கன்னத்தில் கைவைத்து, அடப்பாவமே என்று உச்சுக்கொட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, இவன் பலே கைகாரன், வண்டிக்கு என்னமாய்க் கதை கட்டி விற்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான். கோயில் முன்னால் நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, மீட்டரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். அந்த உள்ளங்கையை அப்புக்குட்டி பார்த்தான். கரி ஒட்டிய கை. டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே கையில் இருந்த வண்டி, அடிபடாத வண்டி என்று அவனும் எத்தனை கற்பூரம் அடித்திருக்கிறான். தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வண்டி அவ்வளவு சத்தத்தோடு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது தெய்வசிகாமணி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெண்டாட்டியிடம் அவன் ஒரு எஸ்டேட்காரருக்குக் கொடுத்தேன் என்றான். கோயமுத்தூரிலேயே ஆஸ்பத்திரிக்கு எதிரில் வீடு பார்த்துப் போய்விடலாமா என்று கேட்டான். எங்க கொண்டுபோய் வெச்சாலும் அந்த வரப்புலதானுங் நான் போய் நிப்பேன் என்று அவள் வெங்காயம் அரிந்தபடி சொன்னாள். கொஞ்ச நாள் நல்ல கார் ஒன்றை ரோட்டைப் பார்க்கத் திருப்பி டீசல் நிரப்பியே வைத்திருந்தான். அப்புறம் அதற்கு நல்ல விலை வந்தது, விற்றுவிட்டான், அடுத்தது வரும்வரை என்று ஒரு டப்பா கார் நின்றது. நஞ்சுண்டனுக்கு அடிக்கடிப் போன் போட்டான். தொடலைங்க, தொடலைங்க என்றான் அவன். ஒரு நாள், அது கை மாறிப்போச்சே, நான் சொல்லித்தான் விட்டிருக்கேன் என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

ஆடி பிறந்த ஒரு காலை நேரம். அப்புக்குட்டி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இன்னொண்ணு போடட்டுங்களா என்று கேட்ட குரல் காதில் இருக்கும்போதே கல்லில் தோசை கருகுகிற வாசம் வந்தது. திரும்பினான். தோசைத் திருப்பி கீழே கிடந்தது. அடுப்புக்கு முன்னால் யாரும் இல்லை.

அவன் செருப்பில்லாமல் ஓடினான். கடலைக்காட்டு வரப்பில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆகாதென்று எரித்துப்போட்ட அதே பச்சைச் சேலை, பக்கத்தில் களைக்கொத்து, கணுக்காலில் இரண்டு பல் பதிந்த இடத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"எஸ்டேட்காரருக்குத்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சரி விடுங்க," என்றாள். இமை அதற்குள் பாதி இறங்கியிருந்தது. "அந்தண்ணன் வீட்டுக்குப் பையன் வந்திருப்பானல்ல."

வந்திருந்தான். வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்ற மகனைத் தெய்வசிகாமணி பார்த்தார், பார்த்த நிமிஷமே மற்றதும் அவருக்குப் புரிந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அழவும் இல்லை, டேய், அப்புக்குட்டி மாமன் காட்டுக்கு ஓடு என்று மட்டும் சொல்லிவிட்டுத் தானும் பின்னாலேயே ஓடி வந்தார். புரை விழுந்த கண்ணோடு வரப்பில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து வந்தார்.

நவநீதன்தான் முதலில் வந்து சேர்ந்தான். டீ குடிக்கக் கிளம்பிய அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை, தலைமுடியில் தண்ணீர் சொட்டியது. குனிந்து அத்தையை அலாக்காகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் நாக்கு குழறி ஏதோ சொன்னாள், ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ எடுத்து அப்புக்குட்டியிடம் நீட்டினான்.

"அழாதீங் மாமா, கோயமுத்தூருக்குக் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டுபோயிரலாம்," என்றான். "சாவி எங்கிட்டத்தான் இருக்குது. வண்டி எங்கீங்?"